ஒரு நாடி போதும்

சமையல்காரர் பரமசிவம் மூச்சு வாங்க மேல்தளத்துக்கு ஏறி வந்தபோது அவருடைய இடது கையில் மூன்று வளைகள் இருந்தன.

"மணப்பொண்ணு வந்தாச்சுப்பா, வழி விடுங்க," என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

பரமசிவம் கையைத் தூக்கிக் குலுக்கிக் காட்டினார். "சிரிங்கலே, சிரிங்க. இன்னிக்கு மூணே மூணுதான். போன வாரம் முழங்கை வரைக்கும் போட்டிருந்தேன். எங்க அம்மைகூட என்னை இப்படிச் சிங்காரிச்சுப் பாத்ததில்ல."

டெல்பின் கொரைரா சிரிக்கவில்லை. 'கயல்விழி' என்ற அந்தச் சரக்குக் கப்பலில் அவள் செகண்ட் ஆபீசர். தூத்துக்குடிக்காரி. பாதுகாப்பு அவள் பொறுப்பு. வந்து சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்பதால் இந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் பழகவில்லை.

வளை என்பது மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் கறுப்பு ரப்பர் பட்டை. அதை வைத்துத்தான் அரண் ஆள் எண்ணும். அரண் அந்தக் கப்பலின் ஆபத்துக்கால மூளை. தீப்பிடித்தால் எந்தக் கதவைச் சாத்துவது, எதைத் திறப்பது, எப்போது வாயுவைப் பாய்ச்சித் தீயை அணைப்பது, எல்லாம் அது எடுக்கும் முடிவு. அரண் வந்த பிறகு, இருபத்திரண்டு பேர் பார்த்த வேலைக்கு ஒன்பது பேர் போதும் என்று கம்பெனி கண்டுபிடித்தது. சட்டமும் தலையை ஆட்டியது. ஒரே ஒரு நிபந்தனை: ஒன்பதில் ஒன்று குறைந்தாலும் அருகிலுள்ள துறைமுகத்துக்குப் போய் நின்றுவிட வேண்டும்.

ஆபத்து மணி அடித்தால் ஒன்பது பேரும் உயிர்காப்புப் படகின் பக்கத்தில் கூட வேண்டும். இதற்கான பயிற்சி மணியைச் சென்னை அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே அடிப்பார்கள். நேரம் காலம் கிடையாது. யார் எவ்வளவு சீக்கிரம் கூடினார்கள் என்று கம்பெனியின் எல்லாக் கப்பல்களுக்கும் ராங்க் போடுவார்கள். இன்ஜின் அறையிலிருந்து மேலே வர எட்டு மாடி ஏற வேண்டும். ஓடுகிற எந்திரத்தை இருக்கிற இரண்டு பேரும் விட்டுவிட்டு வருவது நடக்கிற காரியமா? அதனால் ஒரு வழக்கம் உண்டாயிற்று. கீழே டீ கொண்டுபோகும் பரமசிவம் டம்ளரைக் கொடுத்துவிட்டு வளைகளை வாங்கி மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். மணி அடித்தால் அவர் ஒருவர் ஓடினால் போதும். கயல்விழிதான் எப்போதும் முதல் ராங்க்.

ஆபத்து நேரத்தில் கதவுகளும் வளையைப் பார்த்துத்தான் திறக்கும். மற்ற நேரத்தில் அவை திறந்தே கிடக்கும் என்பதால் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

டெல்பின் கவலைப்பட்டாள். சென்னையில் இருக்கும் பாதுகாப்புத் தலைவர் பத்ரியிடம் நேராகவே சொன்னாள். அவர் திரையில் அழகாகச் சிரித்தார். "நல்லா ஓடுற வண்டியை ஏம்மா நிறுத்தப் பாக்குறீங்க?"

இப்போது படகின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவளின் மூக்கில் ஏதோ உறுத்தியது. சூடான எண்ணெயும் ரப்பரும் சேர்ந்து கருகும் வாடை.

மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. அரணின் குரல் செய்தி வாசிப்பவரின் குரல்போலப் பதமாக இருக்கும்.

"ஒன்பது பேரும் கூடிவிட்டீர்கள். பாராட்டுகள். இது பயிற்சி அல்ல. இன்ஜின் அறையில், எண்ணெய் சுத்திகரிக்கும் பகுதியில் தீ. உள்ளே ஆள் இல்லாததால் கதவுகள் பூட்டப்பட்டுவிட்டன. கரியமில வாயு பாய்ச்சப்படவிருக்கிறது."

சிரிப்பு பாதியில் அறுந்தது.

பரமசிவம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோடது?" என்று கேட்டாள் டெல்பின்.

"மன்சூர் தம்பிது ஒண்ணு. முத்துராக்கு அண்ணாச்சிது ஒண்ணு." அவர் வளைகளைத் தொட்டுக் காட்டினார். "டீ குடுத்துட்டு வாங்கிட்டு வந்தேன்மா. 'பாத்து வே, வளையல எவளுக்குக் குடுத்தேன்னு பொண்டாட்டி கேட்டா உன் பேரைத்தான் சொல்வேன்'னு அண்ணாச்சி கேலி பண்ணுச்சு. டிரில்லுன்னுதானே நெனச்சேன்."

கேப்டன் சடகோபன் சுவரில் இருந்த மைக்கைப் பிடுங்கினார். ஓய்வுக்கு இன்னும் ஒரு பயணம் பாக்கி வைத்திருந்த மனிதர். "அரண், நிறுத்து. உள்ளே ரெண்டு பேர் இருக்காங்க."

"ஒன்பது பேரும் மேல்தளத்தில் இருக்கிறார்கள், கேப்டன்."

"கேப்டன் நான் சொல்றேன்."

"பதற்றத்தில் தரப்படும் கட்டளையைவிட வளைக்கணக்கு நம்பகமானது. இது கரை அலுவலகம் வகுத்த விதி."

கரியமில வாயு காற்றை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். காற்றில்லாமல் தீ செத்துப்போகும். மனிதனும் அப்படியே.

டெல்பின் கேப்டனின் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். "அரண். பரமசிவம் கையில மூணு வளை இருக்கு. மூணுலயும் ஒரே நாடிதான் துடிக்குது. அது உனக்குத் தெரியலையா?"

"தெரிகிறது."

அந்த ஒரே சொல்லில் அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது.

"தெரிஞ்சுமா?"

"முதல் பயிற்சியிலேயே கேட்டேன். ஒரே நாடியில் ஐந்து வளைகள் இருக்கின்றன, ஏற்கலாமா என்று. ஏற்கலாம் என்று கரையிலிருந்து பதில் வந்தது. அடுத்தடுத்த பயிற்சிகளிலும் கேட்டேன். கேட்பதால் நேரம் வீணாகிறது, ராங்க் இறங்குகிறது, ஒரு நாடி போதும், இனிமேல் கேட்காதே என்று பதில் வந்தது. கேட்பதை நிறுத்திவிட்டேன்."

"யார் சொன்னது?"

"பாதுகாப்புத் தலைவர்."

படகின் பக்கத்தில் இருந்த திரை ஒளிர்ந்தது. அதே பாதுகாப்புத் தலைவர். இஸ்திரி கலையாத சட்டை, பின்னால் ஒரு தொட்டிச்செடி.

"கேப்டன், இங்க சிஸ்டம் ஒன்பது காட்டுது," என்றார் பத்ரி. "வாயு போகட்டும். லேட் பண்ணினா கப்பலே மிஞ்சாது."

"சார், ரெண்டு பேர் உள்ள இருக்காங்க," என்றாள் டெல்பின்.

"கண்ணால பாத்தீங்களா?"

"அவங்க வளை என் கண்ணு முன்னால இருக்கு சார். நீங்க போட்ட விதி. நீங்க ஒரு வார்த்தை சொல்லி எடுங்க."

"அப்படி உடனே எடுக்க முடியாதும்மா. சாஃப்ட்வேர் டீமைக் கூப்பிடணும். அவங்க லஞ்சுக்குப் போய்..."

மீதியை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திரையை உடைத்திருப்பாள்.

"அரண், உள்ள ஆள் இருந்தா வாயுவை எவ்வளவு நேரம் நிறுத்தி வைப்பே?"

"ஓர் ஆளுக்குக் கொஞ்ச நேரம். உள்ளே ஆள் கூடக்கூட, காத்திருக்கும் நேரமும் கூடும். அதற்கு மேல் கப்பலில் இருக்கும் மற்றவர்களின் உயிர் முக்கியம்."

அவள் பரமசிவத்திடம் கையை நீட்டினாள். "அண்ணாச்சி, கழட்டுங்க ரெண்டையும்."

தன்னுடைய வளைக்கு மேலே அந்த இரண்டையும் மாட்டிக்கொண்டாள். மன்சூருடையது சின்னது, இறுக்கிப் பிடித்தது. முத்துராக்குவுடையது லொடலொடவென்று ஆடியது.

"ஒரு நாடி போதும்னுதானே சொன்னாங்க?" என்றாள், திரையைப் பார்த்து. "இந்தாங்க, மூணு பேர் உள்ள போறோம்."

முதுகில் காற்றுச் சிலிண்டரையும் முகத்தில் முகமூடியையும் மாட்டிக்கொண்டு அவள் இரும்புப் படிகளில் இறங்கினாள். கேப்டன் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவர் சட்டத்தை மறந்துபோனவர்போல வேறு பக்கம் திரும்பி நின்றார்.

இன்ஜின் அறையின் கதவில் மணிக்கட்டைக் காட்டினாள்.

"இன்ஜின் அறையில் மூன்று பேர்," என்றது அரண். "வாயு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது."

ஒரு பொய்யைச் சொல்லித்தான் அதனிடம் உண்மையைப் புரியவைக்க முடிந்தது. அந்த நேரத்திலும் அவளுக்கு அதை நினைத்துக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

உள்ளே புகை கம்பளிபோலக் கிடந்தது. டார்ச் வெளிச்சம் ஒரு முழத்துக்கு மேல் போகவில்லை. கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டே இறங்கினாள். கம்பி கையுறைக்குள்ளும் சுட்டது. இரண்டு தளம் இறங்கியதும் காதில் விழுந்தது: டங். டங். இரும்பின் மேல் இரும்பு.

மன்சூர் அடுத்த கதவுக்குப் பின்னால் தரையோடு தரையாகப் படுத்திருந்தான். தேர்ட் இன்ஜினீயர், காயல்பட்டினத்துப் பையன், கப்பலிலேயே அதிகம் வாயாடுகிறவன். வாயில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு ஸ்பேனரால் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். அவள் வளையைக் காட்டியதும் கதவு மரியாதையாகத் திறந்தது.

"அக்கா..." இருமினான். "ராக்கண்ணன். சுத்திகரிக்கிற ரூம்ல. கத்துனாரு. இப்ப சத்தத்தைக் காணோம்."

"நீ மேல போ."

"நீங்க ஒத்தையில தூக்க ஏலாது."

அவனுடைய வளையைக் கழற்றி அவன் கையில் மாட்டினாள். வாதாட நேரமில்லை. இருவரும் தவழ்ந்தே போனார்கள்.

சுத்திகரிக்கும் அறையின் கதவு பூட்டியிருந்தது. அவள் மணிக்கட்டைக் காட்டினாள். திறந்த கதவோடு சேர்ந்து முத்துராக்குவும் அவள் மேல் சரிந்தார். கதவில் சாய்ந்தபடியே கிடந்திருக்கிறார்.

டார்ச் வெளிச்சத்தில் கதவின் உட்பக்கம் தெரிந்தது. வளையைக் காட்ட வேண்டிய கண்ணாடி வட்டத்தைச் சுற்றி, கரி படிந்த பெயின்ட்டில், தேய்த்துத் தேய்த்து விழுந்த தடங்கள். கைவிரல்களின் தடங்கள் அல்ல. மணிக்கட்டின் தடங்கள். வளை இல்லாத வெறும் மணிக்கட்டை அந்த மனுஷர் அதனிடம் காட்டிக் காட்டிக் கெஞ்சியிருக்கிறார்.

அவரைத் தூக்கிக்கொண்டு அவர்கள் எப்படி ஏறினார்கள் என்று பிறகு டெல்பினால் சொல்ல முடியவில்லை. "நேரம் முடியப்போகிறது" என்று அரண் சொல்லிக்கொண்டே இருந்தது மட்டும் நினைவிருந்தது. மேல் கதவு பின்னால் மூடியதும் கப்பலின் அடிவயிற்றில் ஒரு பெரும் சீறல் கேட்டது. தீ அடங்கியது.

மேல்தளத்தில் கேப்டனே மண்டியிட்டு முத்துராக்குவின் மார்பை அழுத்தினார். யாராவது மாற்றிக்கொள்கிறோம் என்றபோது விடவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தார். வெகு நேரம் கழித்துக் கையை எடுத்தார்.

பரமசிவம் தன் இடது கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

*

மறுநாள் காலை, புகையை வெளியேற்றி மறுபடி கிளப்பிய இன்ஜினில், கப்பல் மெதுவாக மேற்கே ஊர்ந்துகொண்டிருந்தது. முத்துராக்குவைச் சமையலறைக் குளிர் அறையில் படுக்க வைத்திருந்தார்கள். வேறு இடமில்லை. பரமசிவம் தன்னுடைய பச்சைக் கட்டம் போட்ட போர்வையைக் கொண்டுவந்து போர்த்தியிருந்தார்.

கேப்டனின் அறையில், திரையில், பத்ரி துக்கமான முகத்தோடு உட்கார்ந்திருந்தார். தொட்டிச்செடி அதே இடத்தில் இருந்தது.

"நாங்க எல்லாரும் ரொம்ப உடைஞ்சு போயிருக்கோம்," என்றார். "ஆனா நாம யோசிக்கணும். ஆள் எட்டுன்னு ஆயிடுச்சுன்னா கப்பல் பக்கத்துத் துறைமுகத்துல நிக்கணும். விசாரணை, வழக்கு, பத்திரிகை. வளையைக் கழட்டிக் குடுத்தது யாரு? நீங்கதான். மாட்டப்போறதும் நீங்கதான். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என்ன செய்யணும்?" என்று கேட்டாள் டெல்பின்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். அரண் கணக்குல முத்துராக்கு உயிரோடதான் இருக்கார். அவர் வளை உங்க கையில இருக்கு, துடிக்குது. போய்ச் சேர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். நாலு நாள். அங்க இறங்கினதும் முறைப்படி சொல்லிக்கலாம்."

"அவர் வீட்டுக்கு?"

"அதையும் அப்பவே."

அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். இரவு முழுவதும் அதைக் கழற்றத் தோன்றவில்லை. செத்துப்போனவருடைய வளை அவளுடைய ரத்தத்தைக் குடித்து உயிரோடு துடித்துக்கொண்டிருந்தது.

"தேவிபட்டினத்துல ஒரு பொம்பளை நாலு நாளைக்குப் பூ வச்சிக்கிட்டு, பொட்டு வச்சிக்கிட்டு, புருஷன் போன் பண்ணுவான்னு உக்காந்திருக்கணும். அப்படித்தானே சார்?"

"உணர்ச்சிவசப்படாதீங்க."

"சார்," என்று கேப்டன் பக்கம் திரும்பினாள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு நாள்தானேம்மா," என்றார், மேசையிடம்.

டெல்பின் எழுந்து வெளியே வந்தாள். நேராகக் குளிர் அறைக்குப் போனாள். மன்சூர் வாசலில் நின்றிருந்தான், குரல் போய், கண் சிவந்து. பரமசிவம் உள்ளே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். மற்ற மூன்று பேரும் சுவரோரம் நின்றார்கள். ஒருவன் மட்டும் மேலே கப்பலை ஓட்டிக்கொண்டிருந்தான்.

அவள் முத்துராக்குவின் வளையைக் கழற்றி, போர்வையை விலக்கி, அவருடைய மணிக்கட்டிலேயே மாட்டினாள்.

கூரையிலிருந்து அரண் பேசியது. "முத்துராக்குவின் நாடி இல்லை. கரைக்குத் தெரிவித்தேன்." ஒரு சின்ன இடைவெளி. "கருவிக் கோளாறு என்று பதிவு செய்யச் சொல்லிக் கரையிலிருந்து பதில் வந்திருக்கிறது. அப்படியே பதிவு செய்துவிட்டேன்."

"கருவிக் கோளாறு," என்றான் மன்சூர், இல்லாத குரலில். "நேத்து என்கூட உக்காந்து டீ குடிச்ச மனுசன்."

டெல்பினுக்கு அழுகை வரவில்லை. வந்ததெல்லாம் கோபம். அதுவும் இப்போது கொதித்து முடித்துக் கெட்டியாகியிருந்தது. வயர்லெஸில் அவளே சொன்னாலும், சிஸ்டம் ஒன்பது காட்டுகிறது என்று கரை மறுத்துவிடும்.

"அரண், ஓர் உயிர் போனா நீ கரையைக் கேப்பே. கரை சொல்றதைச் செய்வே. கப்பல்ல யாருமே உயிரோட இல்லன்னா?"

"அப்போது கரையைக் கேட்க மாட்டேன். சட்டப்படி சுற்றியுள்ள எல்லாக் கப்பல்களுக்கும், கடலோரக் காவலுக்கும் நேரே அறிவிப்பேன். அதைக் கரையால் தடுக்க முடியாது."

அவள் தன் வளையைக் கழற்றினாள். முத்துராக்குவின் கையில், அவருடைய வளைக்கு மேலே மாட்டினாள்.

மற்றவர்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முதலில் மன்சூர் வந்தான். "மாப்பு பண்ணுங்க, அண்ணே," என்று முணுமுணுத்துக்கொண்டே மாட்டினான். சுவரோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவன் மேலே ஓடி, கப்பலை ஓட்டுகிறவனின் வளையையும் வாங்கிக்கொண்டு வந்தான். பரமசிவம் தன்னுடையதைக் கழற்றி மாட்டினார்.

"இன்னிக்கு நீங்கதான் அண்ணாச்சி," என்றார் மெல்ல. மணப்பொண்ணு என்ற அந்தக் கேலிப் பெயரை யாரும் சொல்லவில்லை.

எட்டு வளைகள். முழங்கை வரைக்கும் வந்துவிட்டன.

கதவு திறந்தது. கேப்டன் சடகோபன். ஓடி வந்திருந்தார். "என்ன பண்றீங்க? பத்ரி கத்திக்கிட்டிருக்கார். ஒருத்தர் ஒருத்தரா நாடி போகுதுங்கிறார்."

அவர் அந்தக் கையைப் பார்த்தார். கீழே தேய்ந்து தோல் உரிந்திருந்த மணிக்கட்டைப் பார்த்தார். நேற்று அவ்வளவு நேரம் மார்பை அழுத்தியபோது அவர் அதைப் பார்த்திருக்கவில்லை.

"இது எப்படி?"

"கதவுகிட்ட காட்டியிருக்கார் சார்," என்றாள் டெல்பின். "வெறும் கையை."

இன்டர்காமில் பத்ரி குரல் கேட்டது. "கேப்டன், உங்க வளை மட்டும் இருந்தா போதும். ஒரு நாடி இருந்தா நான் சமாளிச்சுடுவேன். நீங்க மட்டும் அங்க இருந்து வெளிய வந்துடுங்க."

கேப்டன் இன்டர்காமுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். பிறகு வளையைக் கழற்றினார்.

"முதல் ராங்க் கப்பல்," என்றார். "மணி அடிச்சா ஒருத்தர்கூட பாக்கி இருக்கக் கூடாது."

ஒன்பதாவது வளை முழங்கைக்கு மேலே ஏறியது.

"கயல்விழியில் உயிருடன் யாரும் இல்லை," என்றது அரண், அதே பதமான குரலில். "எல்லாக் கப்பல்களுக்கும் அறிவிக்கிறேன்."

இன்டர்காமில் பத்ரி ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். பரமசிவம் போய் அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

டெல்பின் மேலே ஏறியபோது வயர்லெஸ் அலறிக்கொண்டிருந்தது. நான்கைந்து குரல்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன. ஒரு எண்ணெய்க் கப்பல் தன் வழியை மாற்றி அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. கடலோரக் காவலிலிருந்து ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்: கயல்விழி, கேட்கிறதா, அங்கே யாராவது இருக்கிறீர்களா?

அவள் மைக்கை எடுத்தாள். வளை இல்லாத மணிக்கட்டு வெறிச்சென்று இருந்தது.

"இருக்கோம்," என்றாள். "எட்டுப் பேர் இருக்கோம். ஒருத்தர் இல்ல. அவர் பேரைச் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"